பம்புக்குப் பவுடர் போடுகிறவர்

உங்கள் வண்டியில் டீசல் வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? எஞ்சினையா, ஓட்டுநரின் முகத்தையா?

டீசல் பம்ப் மெக்கானிக் பவுடரக்கா முகத்தைப் பார்ப்பதில்லை. பானெட்டைத் தூக்கியதும் தலையை உள்ளே விட்டுவிடுகிறார். வண்டிக்காரர் பின்னால் நின்றுகொண்டு தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் டீசல் பம்பின் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக்கொண்டிருப்பார். டாங்கியிலிருந்து வரும் டீசலுக்கு அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து அனுப்புகிற அந்தப் பம்ப், இரண்டு கைக்குள் அடங்கிவிடும். அழுக்கு போனதும் காற்றடித்து உலர்த்துவார். பழைய துண்டால் ஒற்றி எடுப்பார். கடைசியில் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவைத் திறந்து, பஞ்சுக் குஞ்சத்தில் தொட்டு, பம்பு முழுக்க மெல்லிசாகத் தட்டிவிடுவார்.

“மாப்ள ரெடி. ஸ்டார்ட் பண்ணு.”

பட்டறைக்கு வரும் எல்லாப் பம்பும் அவருக்கு மாப்பிள்ளைதான். எஞ்சின் ஓடும்போது விசிறிக் காற்று பவுடரைக் கலைக்காமல் ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, குனிந்தபடியே காத்திருப்பார். எங்காவது டீசல் கசிந்தால் வெள்ளைப் பவுடரில் அந்த இடம் மட்டும் கடுகளவு கறுக்கும். கசிவு அங்கேதான். டீசல் லேசுப்பட்ட பொருள் இல்லை. மேல்மூடியில் கசிந்து, பக்கவாட்டில் ஊர்ந்து, கீழே எங்கோ ஒரு போல்ட்டின் நுனியில் போய்ச் சொட்டும். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்து அந்த போல்ட்டை முறுக்கி முறுக்கியே மரை கழன்ற பம்புகள் அவரிடம் எத்தனையோ வந்திருக்கின்றன. “எங்க சொட்டுதோ அங்க தப்பு இல்ல தம்பி. தப்பு மேல எங்கயோ இருக்கும்” என்பார். பம்பைப் பற்றித்தான் சொல்கிறார். எனக்கென்னவோ ஊர் உலகத்தைப் பற்றியும் சொன்னதாகவே படுகிறது.

பவுடரும் துண்டும் கணவருடையவை. பட்டறையின் மறுபாதி அவருடைய முடிதிருத்தும் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் எஞ்சின் உறுமினால் அந்தப் பக்கம் கத்தி ஒரு நொடி நிற்கும். வாடிக்கையாளரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். டப்பா காலியாகும்போதெல்லாம் தடுப்புக்கு மேலே கணவரின் தலை தெரியும்.

“ஏம்மா, நான் மனுஷனுக்குப் போடுறதவிட நீ பம்புக்குப் போடுறதுதான் ஜாஸ்தி.”

“உங்க ஆளுங்க பவுடர் போட்டாலும் உண்மையச் சொல்றதில்லையே. என் மாப்ள சொல்லிடுவான்.”

ஐம்பதைத் தொட்ட வயது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்; அதுவும் கணவரின் கைவேலைதான். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டைத் துண்டு இருக்கும். எஞ்சின் ஓடும்போது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயை யாராவது விரலால் தடவிப் பார்க்கப் போனால், அந்த அட்டையாலேயே கையில் ஒரு அடி விழும். “கைய எடு! அந்த டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள எறங்கிடும். அப்பறம் வெரலே போயிடும்.” அவர் விரலை நீட்டுவதில்லை, அட்டையைத்தான் நீட்டுவார். அட்டையில் ஈரக்கோடு விழுந்தால் குழாயில் கீறல்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்பார், அதுவும் உரக்க. “தெரியல!” தடுப்புக்கு அந்தப் பக்கம் முகத்தில் சோப்பு நுரையோடு இருப்பவர்களுக்கும் கேட்கும். கைவைத்த மாத்திரத்தில் நோயைச் சொல்கிறவர்களுக்குத்தான் உலகத்தில் மதிப்பு அதிகம். “தெரியல, இன்னும் பாக்கணும்” என்று சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு எத்தனை பேரைக் காப்பாற்றும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

மரச்சாமான் கடையின் சிறிய லாரி ஒன்று காலையில் வந்து நின்றது. முன்னிருக்கையிலிருந்து முதலாளி இறங்கினார். ஓட்டியவரும் அவர்தான். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வழக்கமாக அதை ஓட்டுகிற டிரைவர், கட்டில் சட்டங்கள் ஏற்றும் பின்தட்டிலிருந்து இறங்கினார். தன் வண்டியிலேயே சரக்கைப் போல வந்திருந்தார்.

“ரெண்டு மாசமா டீசல் எங்க போகுதுன்னே தெரியல. இவனக் கேட்டா வண்டிதான் குடிக்குதுங்கறான். புள்ள மேல சத்தியம் பண்ணுடான்னேன். பண்ண மாட்டேங்கறான். அப்ப என்ன அர்த்தம்? நீயே பாத்துச் சொல்லும்மா. பம்பு ஒழுகலேன்னா இவன் இன்னியோட நின்னுக்கட்டும்.”

“எம் புள்ளைய எதுக்கு மொதலாளி இழுக்கறீங்க? அவ ரெண்டாங் கிளாஸ் படிக்கறா. அவளுக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் டிரைவர்.

கேட்டீர்களா நியாயத்தை? ஒரு குழந்தையின் உச்சந்தலை இங்கே அளவுகோலாகிவிட்டது. சத்தியம் செய்தால் யோக்கியன், மறுத்தால் திருடன். உண்மையான திருடனுக்கு இதைவிட வசதியான பரிசோதனை வேறு உண்டா? அவன் கூசாமல் செய்துவிட்டுப் போவான். மகளைப் பணயம் வைக்க மனம் வராதவன்தான் மாட்டிக்கொள்வான். இருந்தும் இதைத்தான் நாம் விசாரணை என்கிறோம். இரும்பை விசாரிக்கக் கை அழுக்காக வேண்டும். கூலிக்காரனை விசாரிக்கக் குரலை உயர்த்தினால் போதும்.

பவுடரக்கா பானெட்டுக்குள்ளிருந்தே கேட்டார்: “சத்தியம் பண்ணா ஒழுகறது நின்னுடுமாண்ணே?”

தேய்த்தல், காற்றடித்தல், துடைத்தல், பவுடர். எஞ்சின் ஓடியது. அக்கா குனிந்தார். முதலாளியும் குனிந்தார். டிரைவர் மட்டும் குனியவில்லை. பட்டறை வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எஞ்சினை முடுக்கினார், அப்போதும் வெள்ளை. அட்டையைக் குழாய் குழாயாக நீட்டினார், அதிலும் ஈரமில்லை.

“பாத்தியா!” முதலாளி நிமிர்ந்தார். “ஒழுகல. அப்ப யாரு குடிச்சா?”

“வெளிய ஒழுகல. அது மட்டுந்தான் தெரியும்.”

“வெளிய ஒழுகாம உள்ளயா ஒழுகும்?”

“தெரியல!” என்றார் அக்கா. தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தி நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே டிரைவரிடம் போனார். “தம்பி, ஆயில் கடைசியா எப்ப ஊத்துன?”

அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் அந்த மனிதரின் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “ஊத்தவே இல்லக்கா. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா கேக்கும். இப்ப ஆயில் மாத்துனதுலேர்ந்து ஒரு சொட்டு கேக்கல. தெனமும் காலைல கம்பிய இழுத்துப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன். கொறையவே இல்ல. நான் வண்டிய அப்படி வச்சிருக்கேன்.”

பவுடரக்கா தன் நெற்றியில் தானே பட்டென்று அடித்துக்கொண்டார். நெற்றியில் கரி.

“நான் ஒரு மடச்சி. மொதல்ல இதையில்ல பாத்திருக்கணும்! பவுடர் போடுற மும்முரத்துல மறந்துட்டேன்.”

எஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு உருவினார். மேல் கோட்டையும் தாண்டி வெகுதூரம் நனைந்திருந்தது. ஆயில் தண்ணீராக வழிந்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து முகர்ந்தார்.

“ஏங்க, கழுத்துல சுத்துற காகிதம் ஒண்ணு குடுங்க.”

தடுப்புக்கு மேலே ஒரு கை வெள்ளைக் காகிதத்தை நீட்டியது. அதில் லாரியின் ஆயில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியிலிருந்து எடுத்த சொட்டு இன்னொன்று. “அவசரப்படாதீங்க” என்று காகிதத்தைப் பெஞ்சில் வைத்தார். வேறு வண்டியின் சொட்டு இருந்த இடத்திலேயே கெட்டியாக உட்கார்ந்தது. லாரியின் சொட்டைச் சுற்றி ஈர வளையம் ஒன்று கிளம்பிப் பரவிக்கொண்டே போனது.

“நடுவுல இருக்கறது ஆயில். சுத்தி ஓடுது பாருங்க, அதான் உங்க டீசல்.”

எஞ்சின் பம்பைச் சுழற்றும் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதுதான் சீல். அது தேய்ந்தால் டீசல் வெளியே வராது. தண்டு வழியாக எஞ்சினுக்குள்ளேயே நழுவி ஆயிலில் கலந்துவிடும். தரையில் ஒரு சொட்டு விழாது. பழைய எஞ்சின் குடித்த ஆயிலின் இடத்தை டீசல் நிரப்பிக்கொண்டிருந்தது.

டிரைவர் எழுந்து வந்து கம்பியையே பார்த்தார். “மேல் கோட்டுக்கு மேல இருந்துச்சுக்கா. நல்லதுன்னுல்ல நெனச்சேன்…”

“கொறையுதான்னுதான் எல்லாரும் பாக்கறோம். கூடுதான்னு யாரு பாக்கறா? விடு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா பேரிங் தேஞ்சு எஞ்சினே பிடிச்சு நின்னிருக்கும்.”

அதோடும் அவர் விடவில்லை. காகிதம் சொன்னதைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று பம்பைக் கழற்றினார். மதியத்துக்குள் சீல் வெளியே வந்தது. உள்விளிம்பு காய்ந்து, ஓரிடத்தில் பிளந்திருந்தது. அதை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தாங்கண்ணே, உங்க திருடன். வேணும்னா இவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கோங்க.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் கையை நீட்டவில்லை.

“கடையில எல்லாரும் இருக்கும்போதுதான மொதலாளி திருடன்னு சொன்னீங்க” என்றார் மெதுவாக.

கெட்ட மனிதர் இல்லை முதலாளி. சுலபமான வழியில் போய்ப் பழகியவர். போனை எடுத்துக் கடைக்குப் பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். “டேய், அவன் எடுக்கலடா. பம்பு சீல் போயிருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அங்க இருக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லு.”

“எந்த சீலுண்ணே? ரப்பர் ஸ்டாம்பா?” என்றது எதிர்க்குரல்.

“உனக்கு அப்பறம் வெளக்கறேன். மொதல்ல தப்பு என்னுதுன்னு சொல்லு!”

அதற்குப் பிறகுதான் டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

புது சீல் போட்டு, கலந்து கெட்ட ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றினார்கள். பம்புக்கு மறுபடி பவுடர். வெள்ளை கலையவில்லை. டிரைவர் பழக்கத்தில் அளவுக் கம்பியை உருவப் போனார். பவுடரக்கா அவர் கையைத் தள்ளிவிட்டுக் கம்பியைத் தானே உருவி, ஆயில் சொட்டச் சொட்ட முதலாளியிடம் நீட்டினார். “இந்தவாட்டி நீங்க பாருங்கண்ணே. மொதல்ல தொடச்சிட்டு.” முதலாளி வேஸ்ட் துணியைத் தேடினார். கிடைக்கவில்லை. தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

உங்களுக்கும் ஒரு வண்டி இருந்து, அதை ஓட்ட ஒருவரும் இருந்தால், நாளைக் காலை அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்தக் கம்பியை நீங்களே உருவுங்கள். முதலில் துடையுங்கள், பிறகு பாருங்கள்.