ஷமீமா வீட்டு ஊற்று

“...குடிக்கணும்னா குடிச்சுக்கோடி, ஆனா இது எங்க வூட்டு ஊத்து,” என்று ஷமீமா சொன்னது, இன்று செருப்புக் கடையில் புதுத் தோல் வாசம் மூக்கில் ஏறியதும் மறுபடி காதில் கேட்டது. அவள் என் வகுப்புத் தோழி. ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய அவள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இந்த வாசம்தான் வரும். அன்று பகல் முழுக்க என்னை அங்கே சுற்றிக்காட்டினாள். பின்கதவுகள் எல்லாம் நேரே ஆற்று மணலில் திறக்க, வீட்டுக்கு வீடு சொந்தமாக ஓர் ஊற்று தோண்டி வைத்திருக்க, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு முண்டியடிக்கும் எனக்கு வயிறு எரிந்தது. நானும் பக்கத்தில் முழங்கை வரை தோண்டிப் பார்த்தேன். ஈர மணல்தான் வந்தது. இன்று அந்தத் தெருவும் இல்லை, அந்த மணலும் இல்லை, ஆனால் எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

அன்று நாக்கு வறண்டு கிடந்தும், “எனக்கு ஒண்ணும் தாகமில்ல, போடி!” என்றேன்.

“வேணாமா? சரி,” என்ற ஷமீமா, கொட்டாங்குச்சி நிறைய அந்தத் தெளிந்த தண்ணீரை மொண்டு, சாவகாசமாகத் தன் கால்களைக் கழுவிக்கொண்டாள்.