பதினைந்து கூடக் காட்டும் முள்

காரில் ஏறி உட்கார்ந்தால் அக்காவின் ஒரு கை கதவுப் பிடியைப் பற்றிக்கொள்ளும். இறங்கும்வரை விடாது. பேசுவாள், சிரிப்பாள், மகளுக்குத் தண்ணீர் கொடுப்பாள், மூக்குத் துடைத்துவிடுவாள், எல்லாம் மற்றக் கையால்தான். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் அது. அக்காவுக்கே தெரியாது. பின் இருக்கையிலிருந்து வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கை ஒருத்திதான்.

அந்தத் தங்கையைப் பட்டறைத் தெருவில் எல்லோரும் முள்ளுக்காரி என்பார்கள். குத்திப் பேசுவதால் வந்த பெயர் இல்லை. அவள் பேசினால்தானே குத்துவதற்கு. அண்ணனின் மீட்டர் கடையில் வேகம் காட்டும் முள்ளைப் பொருத்துவது அவள் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றபோது, வாசலில் ஆள் நிழல் தெரிந்தாலே உள்ளறைக்கு ஓடுகிற பெண்ணை வேறு எங்கே அனுப்புவது என்று அண்ணன் தன் கடையின் பின்பக்க மேசையில் உட்கார வைத்தார். முன்பக்கம் வாடிக்கைக்காரர்கள், நடுவில் ஒரு தகர அலமாரி. அலமாரிக்குப் பின்னால் அவளும் ஒரு விளக்கும். அந்த மறைவு அவளுக்குப் போதுமாக இருந்தது.

கார் மீட்டரைத் திறந்தால் உள்ளே பிரமாதமாக ஒன்றும் இருக்காது. சக்கரம் ஓடும்போது கூடவே சுற்றுகிற ஒரு கேபிள். அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் மூடியிருக்கும் ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. காந்தம் சுழலச் சுழல கிண்ணத்தை முன்னால் இழுக்கும். தலைமுடி கனத்தில் ஒரு சுருள் கம்பி, போகாதே போகாதே என்று பின்னால் இழுக்கும். இரண்டு பிடிவாதமும் சரிக்குச் சரி நிற்கும் இடத்தில் முள் நிற்கும். அதைத்தான் ஓட்டுகிறவர் வேகம் என்று படிக்கிறார். சுருளைத் தளர்த்தினால் முள் கூடக் காட்டும். இறுக்கினால் குறைத்துக் காட்டும்.

அண்ணன் ஒவ்வொரு மீட்டரையும் மோட்டாரில் மாட்டி ஓடவிட்டு, பக்கத்தில் வைத்த, பிழையில்லாத தாய் மீட்டரோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மூடியின் திருகில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். "இந்தப் பொட்டு இருக்கற மீட்டர் பொய் சொல்லாது" என்பார். கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசும்போது எத்தனை பொய் சொல்வார் என்பது வேறு கதை. பொட்டில் மட்டும் மனுஷன் சுத்தம்.

அக்கா புருஷனுக்குச் சொந்தமாக ஒரு வாடகைக் கார். கலகலப்பான மனிதர். சாவு வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். கோபம் கிடையாது, குடி கிடையாது. ஸ்டீயரிங்கைத் தொட்டால் மட்டும் வேறு ஆள். ஒரு மழைச் சாயங்காலம் வளைவில் கார் வழுக்கி, அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. மகள் அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா இறங்கி டயரைப் பார்த்துவிட்டு, "எதையோ மறந்து வெச்சுட்டு வந்திருக்கு போல, திரும்பிப் போகலாங்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்கா அலமாரிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மாமா ரோட்டைப் பார்த்து ஓட்டறதில்லடி. முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டறார். தொண்ணூறைத் தொட்டாத்தான் அவருக்கு மூச்சே வரும்."

"அதுக்கு?"

"அந்த முள்ளு கொஞ்சம் முன்னாடியே தொண்ணூறைத் தொட்டா உனக்கென்ன கஷ்டம்?"

முள்ளுக்காரி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என் கையை உடைச்சிடுவார்."

"தெரியாம செய். எனக்காக இல்ல, குட்டிக்காக."

அந்த வாரமே, ஒளி மங்கலாக இருக்கிறது, பல்பு மாற்ற வேண்டும் என்று சொல்லி அக்கா மீட்டரைக் கழற்றிக் கடைக்கு அனுப்ப வைத்தாள். அண்ணன் சாமான் வாங்கப் போன நேரம். எழுபத்தைந்தில் ஓடினால் முள் தொண்ணூறைத் தொடும்படி முள்ளுக்காரி சுருளைத் தளர்த்தினாள். பிறகு அண்ணனின் தூரிகையை எடுத்து அவளே சிவப்புப் பொட்டு வைத்தாள். அவசரத்தில் பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

வேலை செய்தது. "நூறுல வந்தேன், தெரியுமா? பஸ்காரன் என்னை முந்திட்டுப் போறான்! பஸ்ஸுக்கு எல்லாம் என்ன இன்ஜின் வெக்கறாங்களோ!" என்று மாமா தட்டின் முன் உட்கார்ந்து அதிசயப்படுவார். அக்கா சோற்றைப் பார்ப்பாள், தங்கை சுவரைப் பார்ப்பாள்.

ஆனால் சில மாதம் கழித்து ஒரு பயணத்தில் முள் நூற்றைத் தாண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே கம்பிவேலி கோடாகக் கரைந்தது. கண்ணாடி வழியாக மாமா அவளைப் பார்த்தார்.

"என்ன முள்ளுக்காரி, முழிக்கிறே? இந்த மீட்டர் பதினஞ்சு கூடக் காட்டுது. சிநேகிதன் கார் பக்கத்துலயே ஓட்டிப் பார்த்துட்டேன். அதான் மனசுல கழிச்சிக்கறேன். மச்சான்கிட்ட சொல்லிடாதே. பொட்டு பொய்யாப் போச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் சோறு திங்க மாட்டார்."

ஆக, பழையபடி பழைய வேகம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் காய்ச்சலில் அவள் வீட்டோடு படுத்திருந்தாள். எழுந்து கடைக்குப் போன அன்று அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாப்பிள்ளை கார் வருஷச் சோதனைக்கு வந்துச்சு. மீட்டர் பதினஞ்சு கூடக் காட்டுது! சுருள் தொய்ஞ்சு போயிருக்கு. நானே இறுக்கி, பொட்டு வெச்சு அனுப்பிட்டேன்."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு? என் பொட்டு வெச்ச மீட்டர் இத்தனை நாள் தப்பா ஓடுச்சுன்னா? நல்ல ஆளு நீ. வாயை மூடிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முள் இப்போது உண்மையைக் காட்டுகிறது. மாமாவோ உண்மையிலிருந்து பதினைந்தைக் கழிக்கிறார். நூற்றைந்தில் பறந்துகொண்டு, தொண்ணூறில் போவதாக நினைப்பார். மறுநாள் காலை அவர்கள் மூவரும் மலைப்பாதை வழியாக மாமாவின் தங்கை குழந்தையைப் பார்க்கப் போகிறார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"அடேயப்பா, முள்ளுக்காரி பேசறா! குடையை எடுத்து வைங்க, மழை வரப்போகுது."

"மீட்டர் இப்ப சரியாக் காட்டுது. இனிமே கழிக்காதீங்க."

"யார் சொன்னது?"

"அண்ணன் இறுக்கிட்டார். முன்னாடி கூடக் காட்டினது... நான்தான் தளர்த்தி வெச்சேன். நீங்க மெதுவா ஓட்டணும்னு."

துணி அவர் கையில் நின்றது. கதவருகே அக்கா நின்றிருந்தாள். தங்கை அவளைப் பார்த்தாள். அக்கா குனிந்து, காய்ந்தே இருந்த தரையில் எதையோ துடைத்தாள்.

மாமா சிரிக்கத் தொடங்கினார். கொஞ்சம் தாமதமாக வந்த சிரிப்பு. "கில்லாடிதான் நீ. அப்ப இதுவும் அதே வித்தைதானே? கழிக்காதேன்னு சொன்னா நான் மெதுவாப் போவேன். ஒரு தடவை ஏமாந்தேன், விடு."

"சத்தியமா மாமா. அண்ணனைக் கேளுங்க."

"அன்னைக்கும் பொட்டோடதானே குடுத்தார் உங்கண்ணன்?"

"சிநேகிதர் காரோட திரும்ப ஓட்டிப் பாருங்க."

"அவன் ஊர்ல இல்ல. எனக்கு விடிஞ்சா பயணம்." துணியைப் பிழிந்து உதறினார். "போ, போய்த் தூங்கு. காய்ச்சல் இன்னும் விடலை உனக்கு."

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இந்த மனிதரின் கணக்கை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது முள் ஒன்றுதான்.

காலையில் வழியனுப்ப வந்தவள் போல வந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அக்கா கேட்காமலே சாவியை நீட்டினாள். இருவரும் காருக்குள் குனிந்தார்கள்.

"நேத்து உன்னை மாட்டி விட்டுட்டேன்ல?" என்றாள் அக்கா.

"பேசாம டார்ச்சைப் பிடி."

கேபிள் நட்டு, இரண்டு திருகு, மூடி. அண்ணனின் பொட்டு நகத்தில் சிவப்பாக உதிர்ந்தது. கடையில் மோட்டார் இருக்கும், தாய் மீட்டர் இருக்கும். இங்கே விரல் நினைவைத் தவிர எதுவுமில்லை. சுருளின் பிடியை மயிரளவு நகர்த்தினாள். போதுமா? இன்னும் ஒரு மயிரளவு. தண்ணீர்ச் சத்தம் நின்றது. மூடியை மாட்டினாள். குட்டி தலைவாரிக்கொண்டு ஓடிவந்து, "சித்தி, நீங்களும் வர்றீங்களா?" என்றாள்.

கார் தெருமுனையில் திரும்பியது. அது சரியாகப் பதினைந்தா, பத்தா, ஐந்தா என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வரும்வரை கடையில் ஒரு முள்ளும் அவளால் நேராகப் பொருத்த முடியவில்லை. அண்ணன் திட்டினார்.

அவர்கள் நல்லபடியாகத் திரும்பினார்கள். அடுத்த வாரம் மாமா வேலை மெனக்கெட்டுக் கடைக்கே வந்தார். அண்ணன் காதில் விழாதபடி அலமாரி ஓரமாகத் தலையை நீட்டினார்.

"சிநேகிதன் வந்தான். ஓட்டிப் பார்த்தோம். பதினஞ்சு கூடத்தான் காட்டுது! சத்தியமெல்லாம் பண்ணியே, பொய்க்காரி!"

அவள் அடுத்த முள்ளைக் கையில் எடுத்தாள். உண்மையைச் சொன்னால் அவர் மறுபடி நம்பமாட்டார், நம்பாமல் கழிப்பார், அடுத்த சோதனையில் அண்ணன் மறுபடி இறுக்குவார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அண்ணன் அந்த மீட்டரைச் சரிசெய்து பொட்டு வைப்பார். வண்டி வீட்டுக்குப் போகுமுன் அவள் அதைப் பதினைந்து தவறாக்குவாள். மற்ற எந்த மீட்டரையும் விட அதைத்தான் கவனமாகச் செய்வாள். அந்தத் தவறு சரியாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு, அந்தச் சுருள் ஏன் வருஷா வருஷம் தொய்கிறது என்பது பெரிய புதிர். "ராசியில்லாத மீட்டர்" என்பார்.

மாமாவுக்கோ அது ஒரு கொள்கையாகிவிட்டது. குட்டி வளர்ந்து கார் ஓட்டப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: "எல்லா மீட்டரும் ஆளை அடக்கத்தான் செய்யறாங்க. உங்க சித்தி ஒருத்திதானா? கம்பெனிக்காரனும் இதைத்தான் பண்றான். எந்த வண்டியா இருந்தாலும் பதினஞ்சைக் கழி."

முள்ளுக்காரி அவளைத் தனியே கூப்பிட்டு முழுவதையும் சொன்னாள். வருஷா வருஷம் தளர்த்துவது தான்தான் என்பதையும், மற்ற வண்டிகள் அப்படியில்லை என்பதையும். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"தெரியும் சித்தி," என்றாள் குட்டி, அவள் கன்னத்தைக் கிள்ளி. "அப்பா சொல்லியிருக்கார். நாங்க மெதுவாப் போகணும்னு நீங்க என்ன வேணா சொல்வீங்களாம்."

போன மாதம் குட்டி வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் நெடுஞ்சாலையில் போய்வர அலுவலகத்தில் ஒரு புது வண்டி கொடுத்திருக்கிறார்கள். அதன் மீட்டரில் கேபிள் இல்லை, சுருள் இல்லை, திறக்கவும் வழியில்லை. அது உண்மையான வேகத்தைக் காட்டுகிறது.