சந்தனம் முடிக்காமல் விட்ட மெட்டு

இது உண்மைக் கதை. மாரியம்மன்மேல் ஆணை, மாதாமேல் ஆணை, ஓடுகிற ஓவர்லாக் மெஷின்மேல் ஆணை, ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் கொஞ்சம் இழுத்திருக்கிறது. அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. திருப்பூர்க் கதை இழுக்காமல் இருக்குமா? பனியன் துணி மாதிரிதான். இழுத்தால் முழங்கால் வரைக்கும் வரும், விட்டால் இடுப்பிலேயே நின்றுகொள்ளும். துணி என்னவோ அதே துணி.

அந்தோணிராஜ் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். பல்லடம் ரோட்டில், அப்புசாமி முதலாளியின் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆள் ஒல்லி. அவனையும் அவனுடைய டிரம்பெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், எது புருஷன், எது டிரம்பெட் என்று ராமுத்தாய்க்கே ஒரு நிமிஷம் தடுமாறும். பளபளக்காதது எதுவோ அதுதான் புருஷன் என்று கண்டுபிடிப்பாள். அவள் அதே கம்பெனியில் செக்கிங். அருப்புக்கோட்டைக்காரி. மெஷினுக்கும் செக்கிங் டேபிளுக்கும் நடுவில் நடந்த காதல் கல்யாணம். வீட்டில் சண்டை வந்தால் அவள் மாரியம்மனைக் கூப்பிடுவாள், இவன் மாதாவைக் கூப்பிடுவான். இரண்டு பேரும் வந்ததில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் தெய்வம் எதற்குத் தலையிடுகிறது?

அந்த டிரம்பெட் ஏழு வருஷமாக ஆணியில் தொங்கியது. அதற்குக் காரணம் சந்தனம்.

சந்தனம் கிளாரினெட்காரர். கல்யாணம், திருவிழா, சாவு என்று சென்னியப்பன் பேண்டு செட்டில் வாசிப்பார். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கம்பெனியில் அயர்ன் தேய்ப்பார். அவர் ஒரு மூச்சுப் பிடித்தால், ஊத்துக்குளியில் கிளம்பின ரயில் திருப்பூர் வந்து, ஆள் இறங்கி, டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைக்கிற வரைக்கும் விடமாட்டார். ஊதுகிற வாத்தியம் வைத்திருந்தவன் எல்லாம் அவருக்கு ரசிகன். அவர் இடது தோளைச் சாய்த்து நிற்பார் என்று உடுமலையில் ஒருவர் சாய்ந்து சாய்ந்து நின்று சுளுக்குப் பிடித்து ஒரு மாதம் படுத்துவிட்டார். வாசிக்கும் முன்பு வாயில் இஞ்சி மிட்டாய் போடுவார் என்று தெரிந்ததும் தாராபுரம் வரைக்கும் இஞ்சி மிட்டாய்க்குத் தட்டுப்பாடு.

அந்தோணிராஜுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. சந்தனத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு நாள் ஊதவேண்டும். இரண்டாயிரத்து ஒன்றில் அது நடந்தது. கொமரலிங்கத்தில் ஒரு கல்யாணம். செட்டில் டிரம்பெட்காரருக்குக் காய்ச்சல் என்று இவனைக் கூட்டிப்போனார்கள். ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் ஜோராகப் போனது. கடைசியில், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது வாசிக்கிற அனுப்பு மெட்டு. அதன் வால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சேர்ந்து மேலே ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், அப்புறம் மெல்ல இறங்கும். பெண்ணைப் பெற்றவள் அழுவது அந்த இடத்தில்தான்.

அன்றைக்குச் சந்தனம் ஏறவில்லை. பாதியிலேயே இறங்கிவிட்டார். அந்தோணிராஜ் மட்டும் உச்சியில், தப்பான பஸ்ஸில் ஏறினவன் மாதிரி தனியாக நின்றான். அதுவும் டிரம்பெட். ஒளித்து வைக்கிற சத்தமா அது? அழவேண்டிய பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள்.

சந்தனம் திரும்பி அவனைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அதற்குள் பேண்டு மாஸ்டர் சென்னியப்பன் பாய்ந்து வந்தார்.

"ஏப்பா, கண்ணு தெரியலீன்னாப் பரவால்ல. காதுமா கேக்கல? சந்தனம் எறங்குறாரு, நீ எங்க சாமி ஏறிப் போற, பழனி மலைக்கா?"

அன்றோடு டிரம்பெட் ஆணிக்குப் போனது. சந்தனம் வாசித்ததுதான் சட்டம். மறு முகூர்த்தத்திலிருந்து குண்டடம் முதல் உடுமலை வரை அத்தனை டிரம்பெட்டும் அனுப்பு மெட்டில் பாதியிலேயே இறங்கின. புது வளைவு என்று பேரும் வந்தது. அந்தோணிராஜும் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டே, வாயாலேயே அந்த இறக்கத்தை லட்சம் தடவை பழகினான். லட்சம் என்பது இழுத்தது. ஐயாயிரம் இருக்கும்.

இரண்டாயிரத்து எட்டில் கரண்டு கட்டு வந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் ஜெனரேட்டர் போட்டார்கள். அப்புசாமி முதலாளி, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதைவிட ஆளுக்கு ஒரு டீ ஊற்றுவது லாபம் என்று விட்டுவிட்டார். பகல் பத்து மணிக்குப் போனால் பதினொன்றுக்கு வரும். மெஷின் எல்லாம் நின்றதும், அதுவரைக்கும் ஊரில் இல்லாத காக்காய்ச் சத்தமெல்லாம் கேட்கும்.

முதல் நாள் பத்தேகால் இருக்கும். மொட்டை மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணிராஜின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி மாடியிலிருந்து கிளாரினெட்.

"ஏட்டி ராமு, அது அவியதான்!"

"எவிய?"

"சந்தனம்ட்டி!"

மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு டிரம்பெட்டும் கம்பெனிக்கு வந்தது. இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு சாயத் தண்ணீர் ஓடை, ஒரு பத்தடிச் சுவர், ஒரு தகரக் கூரை. அதனால் ஆள் தெரியாது, சத்தம் மட்டும் தெரியும். அந்தோணிராஜ் ஒரு வரி ஊதிக் காட்டியதும் சந்தனம் ஒரு மெட்டை எடுத்தார். வால் வரைக்கும் வந்து நிறுத்தினார். காத்திருந்தார். அந்தோணிராஜ் அந்த வாலை ஊதினான். அந்தப் பக்கத்திலிருந்து கிளாரினெட்டின் அடிக்குரலில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. 'ம்.' அவ்வளவுதான். தலையை ஆட்டுகிற மாதிரி. அன்று அந்தோணிராஜ் தைத்த பனியன்களில் பாதிக்குக் கழுத்து எங்கே, கை எங்கே என்று செக்கிங்கில் ராமுத்தாயே தேடவேண்டியிருந்தது.

அப்படியே தினமும் நடந்தது. அவர் வாலை விட்டுவைப்பார், இவன் முடிப்பான். சரியாக இருந்தால் 'ம்'. தப்பென்றால் சந்தனம் ஒன்றும் சொல்லாமல் மெட்டை முதலிலிருந்து எடுப்பார். அப்புசாமி முதலாளி மட்டும் ஒரு நாள் மேலே வந்தார்.

"அந்தோணி, பாட்டெல்லாஞ் செரி கண்ணு. கீழ சரக்கு வாங்கற பையரு வந்திருக்கறாரு. இழவு ஊடுன்னு நெனச்சு மாலை வாங்கீட்டு வந்துறப் போறாரு."

ஒரு மாதத்தில் எல்லா மெட்டுக்கும் 'ம்' கிடைத்துவிட்டது, அனுப்பு மெட்டைத் தவிர. அதற்கு மட்டும் கிடைக்கவே இல்லை. சந்தனம் எப்படி இறங்கினாரோ அப்படியே, மயிரிழை பிசகாமல் அந்தோணிராஜ் இறங்குவான். அந்தப் பக்கம் ஒன்றும் வராது. மறுபடி முதலிலிருந்து எடுப்பார். ஒரே மணி நேரத்தில் ஒன்பது தடவைகூட எடுத்திருக்கிறார்.

"மூச்சு பத்தல போல. எறக்கத்துல ஒரு கொழைவு இருக்கு, அது எனக்கு வரல" என்பான் அந்தோணிராஜ்.

"யோவ், இடையில கெடக்குறது ஒரு செவுரு. கடலா கெடக்கு?" என்பாள் ராமுத்தாய். "சாயந்தரம் கேட்டுல நின்னு, 'அய்யா, எங்க தப்பு'ன்னு கேட்டாப் போச்சு."

"எந்த மூஞ்சிய வச்சுக் கேக்க? கொமரலிங்கத்துல மானத்த வாங்குனவன் நான்தாம்னு தெரிஞ்சா இருக்குற 'ம்'மும் போயிரும். அனுப்பு மெட்டுக்கு ஒரு 'ம்' வரட்டும். அன்னைக்கே போயி அவிய கையப் புடிச்சுக்கிடுதேன்."

கார்த்திகையில் கரண்டு கட்டு நேரத்தை லைன் வாரியாக மாற்றினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பத்து மணியே இருந்தது. இந்தப் பக்கத்துக்கு மத்தியானம் இரண்டு. அவர் வாசிக்கிறபோது இங்கே முப்பது மெஷின் ஓடும். இவன் ஊதுகிறபோது அங்கே அவர் அயர்ன் பெட்டியோடு நிற்பார். இரண்டு மணிக்கு அந்தோணிராஜ் தனியாக ஊதி, தனியாக முடித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தகரக் கூரைமேல் ஒரு பூனை நடக்கும். அதுகூட 'ம்' சொன்னதில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் பத்து நாளும் பனங்காட்டுக்குள் நின்று அந்த இறக்கத்தையே ஊதினான். பனை ஏறினவர்கள் எல்லாம் பாதியில் இறங்கிவிட்டதாகக் கேள்வி. திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கினான்.

"யாருக்கு?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"அவியளுக்குத்தான். 'ம்' வந்தாலும் வராட்டியும், வார ஞாயித்துக்கெழம போயிர வேண்டியதுதான்."

"இதத்தானே நான் ரெண்டு மாசமா தொண்டத்தண்ணி வத்தச் சொல்லுறேன்!"

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கம்பெனி கேட்டில் ஒரு ஆள் வந்து நின்றான். கறுத்த, குட்டையான ஆள். பேர் ஆத்தப்பன். சந்தனத்தோடு அயர்ன் தேய்ப்பவன், செட்டில் டிரம் அடிப்பவன்.

"ஏனுங்க, இங்க மாடில டிரம்பெட் ஊதறவரு யாருங்க?"

அந்தோணிராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சந்தனத்தண்ணன் போயிட்டாருங்க. வெடியால நெஞ்சு வலின்னாரு. ஆசுபத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. உங்ககிட்டச் சொல்லாம எடுத்தா ஆகாதுன்னு வந்தனுங்க."

அந்தோணிராஜ் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைய அவியளுக்கு யாருன்னே தெரியாதே."

"தெரியாதுங்களா? மொத நா ஊதுனப்பவே 'ஆத்தப்பா, இது கொமரலிங்கத்து அந்தோணிடா'ன்னுட்டாருங்க. ஊதல் மறக்குமுங்களா?"

"பெறவு ஏன் அந்த அனுப்பு மெட்டுக்கு 'ம்' போடல?"

"நீங்க தப்பா வாசிச்சீங்கல்லொ."

"அவிய மாதிரியேதான வாசிச்சேன்!"

"அதுதானுங்க தப்பு."

ஆத்தப்பன் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று சொன்னான். "அன்னைக்கு அவருக்கு மூச்சு முட்டிப்போச்சுங்க. ஏற முடியாம எறங்கிட்டாரு. நீங்க ஏறுனதுதான் செரி. உங்களத் திரும்பிப் பாத்தது மன்னிச்சுக்கப்பான்னு சொல்லறதுக்குத்தானுங்க. அதுக்குள்ள மாஸ்டரு உங்கள வெரட்டிப்போட்டாரு. கல்யாண ஊட்டுக்காரங்க புது வளைவு, புது வளைவுன்னு துண்டு போத்திட்டாங்க. அவருக்குச் சொல்ல வாய் வல்லீங்க. அப்பறம் எல்லாப் பயலும் அந்தத் தப்பயே புடிச்சு ஊதவும் மனுசன் குறுகிப்போனாருங்க. அன்னைலேருந்து அந்த வாலை அவரு வாசிச்சதே இல்லீங்க. என்ற டிரம்ம வெச்சு ஒப்பேத்துவாரு. 'அது அந்தோணியோடது, அவனே முடிக்கோணும். ஒரு நா அவன் அவனாட்ட ஊதீட்டான்னா, செவுரேறிக் குதிச்சுப் போயிக் கையப் புடிச்சுக்குவன்'னு சொல்லீட்டே இருந்தாருங்க."

அந்தோணிராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நேரம் மாத்துன பொறகும் தெனம் பத்து மணிக்கு வாசிச்சு, வாலை விட்டுப்போட்டு, இந்தப் பக்கம் பாத்துட்டு நிப்பாருங்க. 'டிரம்பெட்டுக்காரரு இன்னைக்கு லீவாட்ட இருக்குது'ம்பாரு. தெனமும் லீவாங்கண்ணான்னு நானே கிண்டல் பண்ணியிருக்கறனுங்க."

ராமுத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்புசாமி முதலாளி ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வாங்கப்பா ரெண்டு பேரும். பனியன் லாட்டு எங்கியும் போயிறாது" என்றார்.

ஊர்வலத்துக்குத் திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஊதத் தெரிந்தவன் எல்லாம் வந்திருந்தான். கிளாரினெட் பதினொன்று, டிரம்பெட் பதினாறு. ஆயிரம் என்று சொல்லலாம்தான். இன்றைக்கு இழுக்க மனசு வரவில்லை. பதினொன்று, பதினாறுதான். ஒவ்வொருவனும் இடது தோளைச் சாய்த்து நடந்தான். ஒவ்வொருவன் வாயிலும் இஞ்சி மிட்டாய்.

பாடை சந்தனத்தின் கம்பெனியைத் தாண்டி, ஓடைச் சுவர் ஓரமாக வந்தபோது மணி இரண்டு. அப்புசாமி கம்பெனியில் கரண்டு போனது. முப்பது மெஷினும் ஒரே சமயத்தில் வாயை மூடின. பழக்கம்போல ஆட்கள் மொட்டை மாடிக்கு வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்கய்யா" என்றான் அந்தோணிராஜ்.

டிரம்பெட்டை எடுத்தான். அனுப்பு மெட்டு. சாவில் கல்யாண மெட்டா என்று ஒருவர் முனகினார். அதற்குள் அது பாதி போயிருந்தது. இவ்வளவு நாள் சந்தனம் வாசித்துக் கொடுத்த முன் பாகத்தையும் இன்று இவனே வாசிக்கவேண்டியிருந்தது. வால் வந்தது. ஏழு வருஷம் பழகின உதடு தானாக இறங்கப் பார்த்தது. அதை இழுத்துப் பிடித்து ஏறினான். உச்சிக்குப் போய், கொமரலிங்கத்தில் நின்ற அதே இடத்தில், தன்னந்தனியாக நின்றான். கண்ணிலிருந்து கொட்டியது டிரம்பெட்மேல் ஓடியது. அப்புறம் மெல்ல, ஒவ்வொரு படியாக இறங்கி முடித்தான்.

முடித்துவிட்டு, டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்காமல் பாடைப் பக்கம் காதைச் சாய்த்தான்.

"தப்பு!" என்றார் சுளுக்குப் பிடித்த உடுமலைக்காரர். "பாதிலயே எறங்கோணும்யா அது! சந்தனத்தண்ணன் வளைவே தெரியாம அவரு சாவுக்கு ஊத வந்துட்டான்!"

"அன்னைக்குப் பண்ணுனதயே பண்றான் பாரு!" சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "செத்தும் அந்த மனுசன நிம்மதியா உடமாட்டியா?"

"இதுதான் செரி மாஸ்டர்! அண்ணனே சொன்னாரு!" ஆத்தப்பன் டிரம் குச்சியைத் தரையில் எறிந்தான். "எறங்குனதுதான் தப்பு!"

"யார்றா தப்பு? சந்தனமா தப்பு? சொல்றா, சந்தனமா?"

பதினாறு டிரம்பெட்டும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டன. தூக்கி வந்தவர்கள் பாடையை இறக்கி வைத்துவிட்டு நியாயம் கேட்டார்கள். மாடியில் நின்றவர்கள், தினமும் கேட்டவர்கள் நாங்களா நீங்களா என்று மேலேயிருந்து கத்தினார்கள். "எம்புருசன் மேல கைய வச்சுப் பாருங்கடா!" என்று ராமுத்தாய், சந்தனத்துக்கென்று எடுத்து வந்திருந்த கருப்பட்டிப் பையை ஓங்கினாள்.

"சத்தம் போடாதீங்கய்யா!" அந்தோணிராஜ் பாடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். "கொஞ்சம் சும்மா இருங்க. அவிய 'ம்' போட்டா எனக்குக் கேக்காதுய்யா!"

சென்னியப்பன் அதற்குள் ஆத்தப்பனின் சட்டையைப் பிடித்திருந்தார்.