கல்லேறும் வண்டிக்குக் கையுறை

செருப்பு வாங்க வருகிறவன் காலைக் கொண்டுவருவான். மோட்டச்சைக்கிள் கையுறை வாங்க வருகிறவனோ கையை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டுவருவான். வேலணைச் சந்தியில் ஹெல்மெட், சீற் கவர், பக்கக் கண்ணாடி என்று தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிற எனக்கு இது விளங்கக் கனகாலம் பிடித்தது. நான் படித்தது கொஞ்சம், கேட்டது கூட. நீங்களும் எங்கேயாவது ஒரு கடைமேசைக்குப் பின்னால் நின்று மாரடிக்கிற ஆளென்றால் வாருங்கோ, பக்கத்தில் ஒரு கதிரை கிடக்கு.

கால் ஊன்றாத ஓட்டம்

குகன் முதன்முதல் வந்தபோது, "ட்ரயல்ஸ் ஓடக் கிளவுஸ் வேணும்" என்றான். புங்குடுதீவுப் பெடியன், மேசன் வேலை. அதென்ன ட்ரயல்ஸ் என்று கேட்டேன். கல், மதில், பனங்குற்றி எல்லாவற்றுக்கும் மேலால் மோட்டச்சைக்கிளை ஏற்றி இறக்கவேணுமாம். வேகம் தேவையில்லையாம். காலை நிலத்தில் ஊன்றினால் புள்ளி வெட்டுவார்களாம். மாரி முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கைகளில் இதைத்தானே எல்லாரும் செய்கிறோம், எங்களுக்கு ஒருத்தரும் புள்ளி போடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் இருந்ததிலேயே தடித்த சோடியை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு மேசையில் ஒரு ரூபாக் காசுக்குத்தியை வைத்து, விரலால் எடுக்கப் பார்த்தான். வரவில்லை. அடுத்த சோடிக்கும் வரவில்லை. கடைசியில், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் மூலையில் கிடந்த மெல்லிய சோடியைப் போட்டான். உள்ளங்கையில் ஒற்றைத் தோல், உள்ளே துணி இல்லை, விரல் நுனியில் தையல் தடிப்பு இல்லை. குத்தி விரலோடு வந்தது. கிளச்சுக்கு ஒரு விரல், பிரேக்குக்கு ஒரு விரல்தானாம். கம்பி இழுபடுவது அந்த விரலுக்குத் தெரியவேணுமாம். "இவ்வளவு மெல்லிசு கிழிஞ்சு போமேயடா தம்பி" என்றேன்.

"கிளவுஸ் கிழிஞ்சா வேற வாங்கலாம் அண்ணை. மதிலுக்கு மேல கிளச் தவறினா வேற குகன் வாங்க ஏலாது."

மண்டையோடு

அவனைப் பார்த்து, அவனோடு ட்ரயல்ஸ் ஓடுகிற கழகத்துப் பெடியளும் வந்தார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: விரல் முட்டிக்கு மேலே பிளாஸ்ரிக் ஓடு வைத்து, அதில் மண்டையோட்டுப் படம் கீறின சோடி. அது வேகமாய்ப் போய் விழுகிறவனுக்கு, மெதுவாய்க் கல்லேறுகிறவனுக்குக் கையை மடக்கவே விடாது என்று, குகனிடம் கேட்டதை என்னுடைய சொந்தச் சரக்குப் போல எடுத்துவிட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருத்தன் அளவிலும் ஒன்று பெரிசாய், "காத்தோட்டமா இருக்கும்" என்று வாங்கிப் போனான்.

அடுத்த கிழமை வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வரிசையாய்க் கொப்புளம். தொளதொளத்த உறை உள்ளுக்குள் சுருண்டு கையை அரைத்துவிட்டது. பாவமாய் இருந்தது. வேறு மாற்றித் தரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை, பேஸ்புக்கில படம் போட்டிட்டன்."

ரொறன்ரோப் பார்சல்

குகனுடைய வண்டி உண்மையில் குகனுடையது இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற தாய்மாமன் சிவம் வாங்கிக் கொடுத்தது. கொடுக்கும்போதே ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்: கைகாலில் ஒரு முறிவு கேள்விப்பட்டேனோ, அன்றைக்கே வண்டியை விற்றுப்போடுவேன். அந்த வண்டி போனால் மேசன் கூலியில் இன்னொன்று வாங்க அவனுக்கு இந்தச் சென்மம் காணாது.

கழகப் போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்க, மாமனிடமிருந்து பார்சல் வந்தது. குகனும் தமக்கை சாந்தியும் பெட்டியோடேயே கடைக்கு வந்தார்கள். உள்ளே ஒரு சோடி கையுறை. சோடி என்றா சொல்வது, இரண்டு தலையணை! உள்ளுக்குள் செம்மறியின் மயிர் போலப் பஞ்சு, நீளம் முழங்கைக்குக் கிட்ட. வெளியே தார் உருகுகிற வெயில். நான் ஒரு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கழற்றும்போது மணிக்கட்டால் வேர்வை ஒழுகியது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைக் கூடாது என்று சொல்கிற வழக்கம் எங்கள் தீவுகளில் இல்லையே. அது முதலில் சாமிப்படத்துக்கு முன்னால் போகும், பிறகு உடம்பில் ஏறும், பிறகு படமாகி அனுப்பினவருக்கே திரும்பப் போகும். மூன்றும் முடிந்துதான் இரண்டு பேரும் என்னிடம் வந்திருந்தார்கள்.

"திறமான சாமான் எண்டு மாமா தேடித்தேடி வாங்கினவர். இது சரிவராது எண்டு அவருக்கு எங்கட வாயால சொல்ல ஏலுமே? நீங்கள் பிறத்தி ஆள்தானே அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் சாந்தி.

பிறத்தி ஆள் சொன்னது

சொன்னேன். அவளுடைய போனிலேயே எடுத்து, "தம்பி சிவம், இந்த ஓட்டத்துக்கு மெல்லிசுதான் நல்லதாம், தடிப்புப் போட்டா விரலுக்கு ஒண்டும் தெரியாதாம்" என்று பக்குவமாய்த்தான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. கோபமில்லை, நல்ல மரியாதையான சிரிப்பு. கனடாவில் மோட்டச்சைக்கிள் ஓடுகிறவர்கள் எவ்வளவு தடிப்பாய்ப் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு பாடம் நடத்தினார். பிறகு என்னை மன்னித்துவிட்ட குரலில் முடித்தார்:

"அண்ணை, நீங்கள் கடை வச்சிருக்கிறியள், உங்கட சாமானை விக்கத்தானே பாப்பியள். அதில பிழையில்லை."

கடலும் கையும்

போட்டி புங்குடுதீவில் ஆளில்லாத ஒரு பெரிய வளவில். முருகைக்கல் மதில்கள் தானாகவே இடிந்து, கழகத்துக்கு வேலை வைக்காமல் கிடந்தன. வளவுக்காரர் லண்டனில். போனிலேயே அனுமதி தந்தாராம், இருக்கிற மதிலை மேலும் இடிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. விடிய வெயில் ஏறமுதல் தொடங்கினார்கள். ரொறன்ரோவில் அப்போது இரவு. மாமன் நித்திரைக்குப் போகாமல் வீடியோவில் இருந்தார். போன் சாந்தியின் கையில்.

தமக்கையும் தம்பியும் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் மாமனுடைய கையுறையைக் காட்டுவது. சாந்தி போனைக் கடல் பக்கம் திருப்ப, அந்த நேரத்துக்குள் குகன் மெல்லிய சோடிக்கு மாறுவது. மெல்லிய சோடி என் சேட்டுப் பொக்கற்றில். எனக்கும் இந்த வயதில் கள்ளக்கடத்தல் வேலை! சாந்தி சொன்னபடியே திருப்பி, "மாமா, எங்கட கடலைப் பாருங்கோ, எவ்வளவு வடிவு" என்றாள்.

"கடலை நான் பிறந்ததிலயிருந்து பாத்தனான். நீ அவன்ர கையைக் காட்டு பிள்ளை."

காப்பாற்றிய கையுறை

வேறு வழியில்லாமல் குகன் தலையணையோடேயே முதல் மதிலுக்குப் போனான். முன்சில்லு ஏறியது. பின்சில்லு ஏறுகிற இடத்தில் கிளச்சை விடுவதற்குப் பதிலாய் அவன் பஞ்சை விட்டான். ஒருபக்கம் கால் ஊன்றினான், மறுபக்கம் ஊன்றினான், பிறகு வண்டியும் அவனும் ஒன்றாய்ச் சரிந்து கல்லுக்குள் விழுந்தார்கள். கூடி நின்ற சனம் "ஐயோ" என்றது. சாந்தி அப்போதும் போனை இறக்கவில்லை. குகன் எழும்பி இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினான். ஒன்றுமில்லை. போனுக்குள்ளிருந்து மாமனின் குரல் வளவு முழுக்கக் கேட்டது:

"பாத்தியளே! கிளவுஸ் கையைக் காப்பாத்திப் போட்டுது!"

இரண்டாவது மதில்

குகன் நேரே போனுக்கு முன்னால் வந்து நின்றான். தமக்கை, "டேய், வேண்டாமடா, வண்டி போயிடுமடா" என்று பல்லுக்குள்ளால் சொல்லச் சொல்ல, கையுறை இரண்டையும் கழற்றினான். விரலெல்லாம் தண்ணீரில் ஊறினது போல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதையும் காட்டினான். "மாமா, என்னை விழுத்தினதே இதுதான். இதைப் போட்டால் கிளச் எங்க நிக்குதெண்டே தெரியேல்லை. வண்டியை விக்கிறதெண்டா வில்லுங்கோ. இண்டைக்கு இதோட ஓடமாட்டன்" என்றான். மாமனின் முகம் அப்படியே அசையாமல் நின்றுபோனது. கவரேச் போனதோ, கோபமோ, ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு திரை கறுத்துப்போனது.

நான் பொக்கற்றில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மிச்ச மதில்களிலும் பனங்குற்றியிலும் அவனுடைய கால் நிலத்தில் படவேயில்லை. பூனை மதிலில் நடந்தது போல் போனான். ஆனாலும் முதல் மதிலில் போன புள்ளி போனதுதான். கிண்ணம் கொப்புளக் கைப் பெடியனுக்குப் போயிற்று. அவனும் அன்றைக்கு மண்டையோட்டை வீட்டில் விட்டுவிட்டு மெல்லிசு போட்டிருந்தான். எல்லாரும் கலைந்த பிறகு பார்த்தால், குகன் குந்தியிருந்து வண்டியின் மட்காட்டைச் சீலையால் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஏனடா இப்ப என்று கேட்டேன்.

"வாங்க வாறவன் ஊத்தை வண்டியெண்டு சொல்லக்கூடாது அண்ணை."

ரொறன்ரோவிலிருந்து

அடுத்த நாள் பின்னேரம் கடைப் போன் அடித்தது. சிவம். மழை பெய்ததோ, மீன் படுகுதோ என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். நானும் ஓம் ஓம் என்று சுற்றினேன். பிறகு, "அந்த மெல்லிசில இன்னும் கிடக்கோ? அவனுக்கு ரெண்டு சோடி குடுங்கோ" என்றார். "அப்ப வண்டி?" என்றேன். "வண்டிக்கு என்ன, அது அவனோட நிக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் சொன்னார், விடியப்புறம் வாசலில் பனி வழித்துவிட்டுத்தான் தான் வேலைக்குப் போகிறவராம். அனுப்பினது தான் போடுகிற அதே சாதிச் சோடிதானாம். தன்னுடையது பழசு, அவனுக்குப் புதுசு.

"இங்க வந்ததிலயிருந்து எனக்குக் கை எண்டால் விறைக்கிற சாமான் அண்ணை. அவன்ர கை வேர்க்கிற கை எண்டது மறந்துபோச்சு."

ஆக, என்னுடைய வியாபாரத்தில் போடுகிறவனின் கைக்கு நான் மேசையிலேயே அளவு பார்த்துவிடுவேன், அனுப்புகிறவரின் கைக்கு அளவு பார்க்கத்தான் கனடாவுக்குப் போகவேணும், அதுக்கு எனக்கு ஒருத்தரும் விசா தரமாட்டார்கள்.