நடந்து போகக்கூடிய நோயாளி

பதினொரு வயதிலேயே எனக்கு டொக்டர் பட்டம் கிடைத்துவிட்டது. படித்து வாங்கியதல்ல. அம்மாவுக்கு ஜெர்மன் வராது, அப்பாவுக்கு வேலைத்தலத்து ஜெர்மன் மட்டும்தான் வரும் என்பதால் கிடைத்தது. டோர்ட்மண்டில் அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படி ஓர் உத்தியோகம் இருந்தது. ஒருத்தி வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பாள், ஒருவன் அரசாங்கக் கந்தோர்களுக்குத் தொலைபேசி எடுப்பான். எனக்கு வாய்த்தது வருத்தங்கள். யாருக்கு எங்கே நொந்தாலும் நான் கூடப் போய் நின்று அதை ஜெர்மனில் சொல்லவேண்டும்.

அந்த உத்தியோகத்தில் நான் பெரிய ஆளானது தம்பியின் காதுக்குத்து நோவால். ஒரு சனிக்கிழமை அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினான். சனி, ஞாயிறுகளில் எங்கள் குடும்ப டொக்டர் பூட்டு. அம்மாவுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்த வருத்தத்துக்கும் கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத்தானே போவது, இங்கே முதலிலேயே போனால் என்ன என்பது அவருடைய வைத்திய சாத்திரம். தம்பியைத் தூக்கிக்கொண்டு நகரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப்பிரிவில் போய் இருந்தோம். ஆறு மணித்தியாலம் இருந்தோம். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் தள்ளுகட்டிலில் உள்ளே போனார்கள். அம்மா ஒவ்வொரு தாதியையும் மறித்துப் பிள்ளைக்குச் சரியான வருத்தமென்று சொல்லு, சொல்லு என்று என்னை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார். சரியான வருத்தக்காரனோ அதற்குள் காதுக்குத்து அடங்கி, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு தாதி வந்து எனக்கு முன்னால் குந்தியிருந்து, என்னை ஒரு பெரிய மனுசியாக மதித்து விளக்கினார். இந்த இடம் உயிருக்கு ஆபத்தான ஆட்களுக்கு. திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது, ஆனால் சாகிற அளவுக்கும் இல்லை என்கிற வருத்தங்களுக்கு ‘நோட்டீன்ஸ்ட்’ என்று வேறோர் இடம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளிலும் டொக்டர்மார் பூட்டுகிற புதன்கிழமைப் பின்னேரங்களிலும் அங்கே முறைவைத்து டொக்டர்மார் இருப்பார்கள். நடந்து போகக்கூடியவர்கள் அங்கே போகலாம். ஆனால் நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தம், ஒரு பக்கம் இழுத்தல், மயக்கம் என்றால் ஓரிடமும் போகாமல் 112-ஐ அடிக்கவேண்டும், வண்டி வரும். சொன்னதோடு விடாமல் ஒரு மஞ்சள் தாளும் தந்தார்.

அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொப்பியில் கிழித்த ஓர் ஒற்றையில் தமிழாக்கினேன். மொழிபெயர்ப்பாளருக்கு உரிய சுதந்திரத்தோடு, ‘நடக்க ஏலுமோ?’ என்பதை முதல் கேள்வியாக, பெரிய எழுத்தில், இரண்டு கோடு இழுத்துப் போட்டேன். நெஞ்சு, மூச்சு எல்லாம் அதற்குக் கீழே வந்தன. அம்மா அதைத் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவிட்டுச் சனத்துக்கெல்லாம் சொன்னார். பிறகென்ன, ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு அம்மாவைச் சுகம் கேட்டுவிட்டு என்னைத்தான் கேட்பார்கள். காய்ச்சலோ, கால் சுளுக்கோ, நான் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, நடக்க ஏலுமோ என்று தொடங்குவேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்த காலம் அது.

அப்படியொரு காலத்தில்தான் சித்தப்பாவுக்கு வாய்வு வந்தது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் சித்தியோடு இருந்தார். ஓர் இத்தாலிய உணவகத்தின் குசினியில் வேலை. நாற்பதைத் தாண்டிக் கலியாணம் செய்தவர். சித்திக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்ததால் இந்தமுறை சித்தியை ஒருவரும் உரத்துக் கூப்பிடக்கூடாது, திடுக்கிட வைக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம். சட்டத்தைப் போட்டவரே சித்தப்பாதான். சித்தி இருக்கிற அறையில் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார் என்று அம்மா பகிடி பண்ணுவார்.

அது ஒரு சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தியும் சித்தப்பாவும் எங்கள் வீட்டில் காலமைச் சாப்பாடாக இடியப்பமும் இறைச்சிக்கறியும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு எழும்பிய சித்தப்பா கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் ஒரு மாதிரிச் சரிந்து இருந்தார். என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு என்று சித்தி கேட்டதும் நிமிர்ந்துவிட்டார். வாய்வுதான், முந்தாநாள் மாமூட்டை தூக்கினது தோள்மூட்டிலும் பிடித்திருக்கிறது என்றார்.

எங்கள் ஆட்களுக்கு வாய்வு ஓடாத இடம் உடம்பில் இல்லை. முதுகில் பிடித்தாலும் வாய்வு, விலாவில் குத்தினாலும் வாய்வு. அம்மா உள்ளி சுட்டுக் கொடுத்தார். வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, போட்டுக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். தோளுக்குத் தைலம் பூசினார். வீடு முழுக்கத் தைல மணம். சித்தப்பா எல்லாவற்றையும் மறுக்காமல் வாங்கிக் குடித்து, இரண்டு தரம் ஏவறையும் விட்டுக் காட்டினார். ஆனாலும் மத்தியானம் ஆகியும் அவருடைய சேட்டு ஈரமாகவே இருந்தது. வாய்வுக்கு இப்படி வேர்க்குமோ என்று சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பியபோது, அம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்.

நான் தாளைப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லாம் பாடம். சித்தப்பாவுக்கு முன்னால் போய் நின்று, “நடக்க ஏலுமோ?” என்று கேட்டேன். அவர் எழும்பிக் கதவடி வரைக்கும் போய், இராணுவக்காரன் மாதிரி ஒரு திரும்பு திரும்பிக் காட்டினார். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி சிரித்ததைப் பார்த்து அவருக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“நெஞ்சு நோகுதோ? உண்மை சொல்லுங்கோ.”

சித்தப்பா சித்தியை ஒருக்கால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நெஞ்சில்லையடி பிள்ளை. அதுக்குக் கீழ. வாய்வு.”

நான் தீர்ப்புச் சொன்னேன். அவசரப்பிரிவு தேவையில்லை, 112-உம் தேவையில்லை, நோட்டீன்ஸ்ட்தான். அம்மா வாய் திறந்து, எதற்கும் பெரியாஸ்பத்திரிக்கே போவோமோ என்று கேட்டார். நான் விட்டேனா? போன முறை பட்டது காணாதா, எங்களைப் போன்ற ஆட்களால்தானே அங்கே உண்மையான நோயாளிகளுக்கு இடமில்லை என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். சித்தப்பாவும் பிள்ளை சொல்லுறதுதான் சரி என்று உடனே எழும்பிவிட்டார். சித்திக்குத் துணையாக அம்மா நின்றார். காரைச் சித்தப்பாவே ஓட்டினார். பின்சீட்டில் நான், மடியில் அவருடைய காப்புறுதி அட்டையோடு, ஒரு மந்திரியைப் போல இருந்தேன்.

வழியில் ஒரு சிவப்பு விளக்கில் அவர் நெற்றியைச் சுக்கானில் வைத்தார். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தார். வெயில் கண்ணுக்குள் குத்துது என்றார். அன்றைக்கு வானம் முழுக்க முகில்.

நோட்டீன்ஸ்டில் சனம் நிறைந்திருந்தது. பதிகிற மேசைப் பெண் என்ன வருத்தம் என்று கேட்டார். வாய்வை என்னவென்று சொல்வது? வயிற்றுக்குள் காற்று, நிறையச் சாப்பிட்டுவிட்டார் என்றேன். அவர் சிரித்துவிட்டு எங்களை இருக்கச் சொன்னார். வீங்கின கணுக்காலோடு ஒருவர், கையில் துவாய் சுற்றிய ஒரு பெடியன், இருமுகிற கிழவர் என்று எல்லாரையும் நான் எண்ணத்தில் பரிசோதித்துக்கொண்டு இருந்தேன். எல்லாரும் நடக்கக்கூடியவர்கள், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று திருப்தியாக இருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. எங்கள் முறை வரப் பார்த்த நேரம், காய்ச்சலில் வீறிட்டு அழுகிற ஒரு கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், அந்தச் சத்தத்துக்குத் திறந்தார். குழந்தை பாவம், முதலில் போகட்டும், சொல்லு என்றார். நான் எழும்பிப்போய் மிகத் திருத்தமான ஜெர்மனில் எங்கள் முறையை அந்தத் தாய்க்குக் கொடுத்தேன். அவர் என் தலையைத் தடவி நன்றி சொன்னார். அறையில் இருந்த எல்லாரும் எங்களை மதிப்போடு பார்த்ததாக எனக்குப் பட்டது.

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். டொக்டர் ஒரு வயதான மனிதர். வாருங்கள் என்று தொடங்கியவர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். என்னை ஒன்றும் கேட்காமல் அவரைக் கட்டிலில் கிடத்தி, சேட்டைத் திறந்து, வயர்களை ஒட்டினார். இயந்திரம் தாளைக் கக்கியது. அதில் ஒரு சாணைக்கூடப் பார்த்திருக்கமாட்டார், மேசைப் பெண்ணை உரத்துக் கூப்பிட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, நெஞ்சில் எப்போதிருந்து நோவென்று கேள் என்றார்.

நெஞ்சு நோ இல்லை, நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்றேன். திரும்பவும் கேள் என்றார். கேட்டேன்.

“காலமையில இருந்து,” என்றார் சித்தப்பா. “யானை ஏறி இருக்கிற மாதிரி.”

உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு அப்போது வந்தது பயமில்லை, கோபம். முறைப்படி கேள்வி கேட்ட ஆளுக்குப் பொய் சொல்லி, இப்போது ஒரு வெள்ளைக்கார டொக்டருக்கு முன்னால் என்னை மடைச்சியாக்கிவிட்டாரே என்று அழுகை அழுகையாக வந்தது. வண்டி வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள் அவரைத் தூக்கினார்கள். ஒக்சிசன் முகமூடிக்குள்ளிருந்து அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “சித்திக்கு வாய்வெண்டு சொல்லு, பிள்ளை,” என்றார். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போன திசை, நாங்கள் ஆறு மணித்தியாலம் காத்திருந்த அதே பெரிய ஆஸ்பத்திரி.

சித்தப்பா பிழைத்தார். பல கிழமை ஆஸ்பத்திரியிலும் பிறகு உடம்பு தேற்றுகிற ஓரிடத்திலும் இருந்துவிட்டு வந்தார். அவர் அங்கே இருக்கும்போதே பெண்குழந்தை பிறந்தது, ஒரு குறையும் இல்லாமல். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுத்தான். பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, இந்தப் பிள்ளை டொக்டரிட்ட இழுத்துக்கொண்டு போகாட்டி நான் இண்டைக்கு இல்லை என்பார். வீட்டில கிடந்திருந்தால் செத்திருப்பன் என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். நான் அந்தக் கதையில் விட்டுப்போன இடங்களை நிரப்பிச் சொல்வேன், அந்தக் கைக்குழந்தையின் இடத்தையும் சேர்த்து. கதை தொடங்கியதும் சித்தி தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவார். ஒரு நாளாவது முழுக்க இருந்து கேட்டதில்லை. சித்திக்கு என்மேல் பொறாமை என்றுகூட நினைத்திருக்கிறேன். கடவுளே, என்ன பிள்ளை நான்!

பத்து வருடம் கழித்து, அவரை இருதய டொக்டரிடம் நான் கூட்டிப்போன ஒரு நாளில் புதிதாக வந்திருந்த டொக்டர் பழைய அறிக்கைகளைப் புரட்டினார். இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது, நோ தொடங்கிய உடனே வண்டியைக் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது, ஏன் அத்தனை மணித்தியாலம் காத்திருந்தீர்கள் என்று கேட்டார். நான் சித்தப்பாவின் பக்கம் திரும்பினேன். நான் மொழிபெயர்க்கப் போகிறேன் என்று நினைத்துச் சித்தப்பா என் கைமேல் கையை வைத்தார். “விளங்குது பிள்ளை. எனக்கு அது எப்பவோ தெரியும்,” என்றார். பிறகு டொக்டரிடம், தன் உடைந்த ஜெர்மனில், நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, பிழை என்னுடையது என்றார்.

அவர் ஆஸ்பத்திரியால் வந்த முதல் மாதங்களை நான் அதற்குப் பிறகுதான் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. அவர்கள் நாலாம் மாடி. குழந்தையைப் பார்க்கிற ஆசையில் பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு நானும் ஏறுவேன். ஒவ்வொரு படித்தட்டிலும் சித்தப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது என்று கேட்பார். நான் சொல்லத் தொடங்குவேன். எங்கள் வீட்டில் என் கதையை நின்று கேட்க வேறு ஒருவருக்கும் நேரமிருந்ததில்லை. சொல்லி முடித்துவிட்டு, வாங்கோ ஏறுவம் என்று கையைப் பிடித்து இழுத்தால், பொறடி, பிறகு அந்த ரீச்சர் என்ன சொன்னவ என்பார். இந்த மனுசனுக்கு என் கதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்து, ரீச்சர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு நிற்பேன்.