பாட்டு எண்ணில் பேசியவள்

என் அக்கா அகத்தா மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ஒரு வங்கியில் டெலக்ஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தாள். இங்கே அடித்தால் அதே நொடியில் ஈப்போ கிளையில் தாளில் எழுத்து விழும். பணமும் அப்படித்தான் போய் வந்தது. நோட்டு எதுவும் நகராது. இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற வரியும், அதன் அடியில் ஒரு சோதனை எண்ணும் மட்டும் போகும். அந்த எண்ணைக் கணக்கிடும் முறை இரு கிளைகளின் அதிகாரிகளுக்கு மட்டுமே தெரியும். எண் ஒத்துவந்தால் செய்தி உண்மை. ஒத்துவராவிட்டால் ஒரு காசும் வெளியே போகாது.

செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. எழுபத்தாறில் அக்கா அந்த வேலையில் சேர்ந்ததால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அவளுக்கு வங்கியின் பின்கட்டில் ஒரு சிறிய அறை. சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். காலையில் உள்ளே போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மனித முகம்.

ஒரு மழை நாளில் ஈப்போவிலிருந்து வந்த பணச்செய்தி முடிந்த பிறகும் இயந்திரம் நிற்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் விழுந்தது: அங்கேயும் மழையா? அக்கா பயந்துபோய்ப் பதில் அடிக்கவில்லை. மறுநாள் நல்ல வெயிலில் 'ஆமாம்' என்று அடித்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் பெயர் எர்னஸ்ட்.

அதன்பிறகு அறையிலிருந்து சிரித்தபடி வெளியே வருவாளாம். பியூன் முனியாண்டி விடமாட்டார்.

"என்ன அகத்தா, மெசினுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுண்ணே. உங்க வீட்டு அண்ணியவிட இது கம்மியாத்தான் சத்தம் போடுதாம்."

பிறகு ஓர் உத்தரவு வந்தது. இயந்திரத்தில் சொந்தப் பேச்சு கூடாது. நாள் முடிவில் தாள் முழுவதும் மேலாளர் மேசைக்கு வரவேண்டும். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அக்காவும் எர்னஸ்டும் கத்தோலிக்கர்கள். தமிழ்க் கோயில்கள் எல்லாவற்றிலும் அப்போது ஒரே பாட்டுப் புத்தகம்தான், பழுப்பு அட்டை போட்டது. பூசைக்கு முன்னால் பலகையில் எண் மாட்டினால் எல்லாரும் அந்தப் பாட்டைப் புரட்டுவார்கள். அதை வைத்தே பேசுவதென்று, தாள் மேலாளருக்குப் போகத் தொடங்குமுன் முடிவு செய்துகொண்டார்கள். பாட்டின் எண், வரி, அந்த வரியில் எத்தனையாவது சொல். பணச்செய்தி முடிந்து சற்றுத் தள்ளி அந்த எண்கள் விழும். பார்ப்பவருக்கு ஏதோ வங்கிக் கணக்கு.

பாட்டுப் புத்தகத்தில் அலுவலகம் என்ற சொல் கிடையாது. அதனால் வங்கி பாலைவனம் ஆனது. மேலாளர் பரிசேயர், பைபிளில் இயேசுவிடம் குற்றம் தேடித் திரிந்தவர். தேநீருக்கு 'ஜீவ தண்ணீர்' என்று வைத்துக்கொண்டார்கள். 'பாலைவனத்தில் பரிசேயர் இல்லை' என்று வந்தால் மேலாளர் விடுப்பு. இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா வாய்விட்டுச் சிரிப்பாள். மற்றதை அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எண்பத்திரண்டில் கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் சம்பளப் பணத்துக்கு ஈப்போவிலிருந்து செய்தி வந்தது. அன்று எர்னஸ்டுக்கு என்ன அவசரமோ, தன் எண்ணைத் தள்ளி அடிக்காமல் சோதனை எண்ணுக்கு அடியிலேயே ஒட்டி அடித்துவிட்டார். கடைசியில் இருந்ததையே சோதனை எண்ணாக எடுத்துக்கொண்ட அதிகாரி கணக்கிட்டுப் பார்த்தார். ஒத்துவரவில்லை. பணம் நின்றது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் மறுநாள்தான் கிடைத்தது.

விசாரிக்கத் தலைமையகத்திலிருந்து நடராஜா என்பவர் வந்தார். பழைய தாள்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்திருந்தார். தேநீர் ஊற்ற வந்த முனியாண்டி நின்று கேட்டதைப் பின்னாளில் எனக்குச் சொன்னார்.

"இது என்னம்மா நம்பரு?"

"பேச்சு சார். சம்பளம் நின்னது தப்புத்தான். எங்கப்பாவும் தோட்டத்துல சம்பளம் வாங்கினவருதான்."

"யாருகூடப் பேச்சு?"

அக்கா பெயரைச் சொல்லாமல் தாள்களை அடுக்கத் தொடங்கினாளாம்.

"ஈப்போவுல ரெண்டு பேரு மெசின்ல உட்கார்றாங்க. ரெண்டு பேருமே நான் இல்லைங்கிறாங்க. நீ காசு திருடலேன்னு எனக்கே தெரியும்லா. இத வாசிச்சுக் காட்டிடு. ஆளு யாருன்னு தெரிஞ்சிடும், நீ பழையபடி மெசின்லயே உட்காரலாம்."

"ரெண்டு பேருமே இல்லைன்னு சொல்லிட்டாங்களா சார்?"

"ஆமா."

அக்கா தாள்களை அவர் பக்கமே தள்ளினாளாம். பிறகு சொன்னாள்: "அப்ப வாசிக்க முடியாது சார்."

"என்ன திமிரா?"

"இல்ல சார். ரெண்டு பேர் பேசினது. அவரைக் கேக்காம நான் மட்டும் எப்படி வாசிக்கிறது?"

காசோலை அடுக்கும் பகுதிக்கு அவளை மாற்றினார்கள். பதவி உயர்வு அதோடு போயிற்று. இயந்திரத்துக்குப் பிரேமாவதி என்ற பெண் வந்தாள். மதியம் சாப்பிட உட்காரும்போது அக்கா கேட்பாளாம்.

"ஈப்போலேருந்து ஏதும் வந்துச்சா?"

"மெசேஜ் வந்துச்சுக்கா."

"அடியில?"

"அடியில ஒண்ணும் இல்லக்கா."

ஒரு நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஈப்போவுக்குப் பஸ் இருந்தது. அவள் போகவில்லை. போய் எர்னஸ்ட் என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், நடராஜாவிடம் சொல்லாததை ஊருக்கே சொன்னதாகியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த இடங்களையும் வேண்டாம் என்றாள். ஞாயிறு தோறும் பூசைக்கு முன்பே போய், வெறும் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

போன மாதம் அவள் இறந்தாள். கோயில் உபதேசியார் அந்தோணிதாஸ் வீட்டுக்கு வந்தார்.

"அகத்தாவுக்குப் பிடிச்ச பாட்டு எதும்மா? பலகையில நம்பர் போடணும்."

எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து புரட்டினேன். ஏதாவது ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். எல்லாப் பக்கங்களும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

"நீங்களே ஏதாச்சும் போடுங்க உபதேசியாரே," என்றேன்.

எல்லா அடக்கத்துக்கும் பாடுகிற பாட்டின் எண்ணை அவர் மாட்டினார். கோயிலில் பாட்டு முடியும்வரை, பின்வரிசையில் தெரியாத முகம் ஏதேனும் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிரேமாவதி இருந்தாள், முனியாண்டி இருந்தார், தோட்டத்துச் சனம் இருந்தது. வந்திருந்த எல்லாரையும் எனக்குத் தெரிந்திருந்தது.