பூரணி முதலில் போகட்டும்

மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தபால் பை தூக்கிய நல்லமுத்துவுக்கு வாய் கொஞ்சம் நீளம். டவுன் தபால் கந்தோரில் பையை வாங்கித் தோட்டத்து ஆபீசில் இறக்குவதற்குள், கிளாக்கரய்யாவுக்குப் போகிற தமிழ்ப் பேப்பரை வழியிலேயே படித்து முடித்துவிடுவார். அப்புறம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் நின்று நியூஸ் சொல்வார். நாலு பேர் தலையாட்டினால் போதும், மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

1970 ஐப்பசியில் அவருக்கு ஒரு பெரிய நியூஸ் அகப்பட்டது. ரஷ்யாக்காரன் ஆளே இல்லாமல் ஒரு விண்கலத்தை அனுப்பினானாம். அது நிலாவைச் சுற்றிவிட்டு நம்ம இந்து சமுத்திரத்தில் பத்திரமாக வந்து விழுந்ததாம்.

"பாத்தீங்களா மூளையை! எடுத்த எடுப்புல ஆளை ஏத்தல. மொதல்ல ஒரு வெள்ளோட்டம். அது நல்லபடியா முடிஞ்சாத்தான் மனுசன் போவான்" என்று ஒரு வாரம் முழங்கினார்.

கடல் தாண்டி இந்தியாவுக்குப் போகிற பேச்சு தோட்டமெங்கும் நடந்த காலம் அது. ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்தது. நல்லமுத்துவுக்கு வந்தது. அவருடைய ஒரே தங்கச்சி பூரணிக்கும் அவள் புருசன் மாயாண்டிக்கும் வந்தது. ஒருத்தரும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

பூரணி ஒத்தைக்காலில் நின்றாள். "போனா ரெண்டு குடும்பமும் ஒண்ணாப் போவோம்ணே. இல்லாட்டி நானும் போகல."

நல்லமுத்துவுக்கு உள்ளுக்குள் பயம். ஊருக்கே நியூஸ் சொல்கிறவருக்குப் பயம் என்று சொல்ல வாய் வருமா? வெள்ளோட்டத்தை எடுத்துவிட்டார்.

"நீ மொதல்ல போ தாயி. இருந்து பாத்துக் காயிதம் போடு. நல்லாருந்தா அண்ணன் அடுத்த கப்பல்ல வந்துர்றேன். சரிப்படலன்னா நீ திரும்பி வந்துரு. என்ன கெட்டுப் போச்சு?"

அண்ணன் பேச்சுக்கு அவளிடம் மறுபேச்சு கிடையாது. மறு வருசம் தலைமன்னார்க் கப்பலைப் பிடிக்க, மாயாண்டியோடு வட்டகொடை ஸ்டேசனில் ரயில் ஏறினாள்.

மூன்று மாசத்தில் அவள் காயிதம் இவர் தோளில் தொங்கிய பையிலேயே வந்தது. கொடைக்கானல் பக்கம் காட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலையாம். குடியிருக்கத் தார்ப்பாய்க் கொட்டிலாம். மாயாண்டிக்கு விடாத காய்ச்சலாம். "திரும்பி வந்துர்றோம்ணே, கிளாக்கரய்யாகிட்டச் சொல்லி வைங்க."

விழுந்தடித்து ஓடினார். கிளாக்கரய்யா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செக்ரோல்ல, தோட்டத்து ஆள் கணக்குல, பேரை வெட்டியாச்சு. இந்த நாட்டுல இனி அவங்களுக்கு எடமில்ல. போனவங்க போனவங்கதான். இது தெரியாமலா அனுப்பின?"

தெரியாதுதான். உலகத்து நியூஸெல்லாம் சொன்ன மனுசனுக்கு, இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லையே!

"ரஷ்யாக்காரன் காலிப் பெட்டியையில்ல அனுப்பினான்! நான் பாவி, கூடப் பொறந்தவள ஏத்தி அனுப்பிட்டேனே" என்று பொஞ்சாதி மீனம்மாவிடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுதார், சரி. அடுத்த கப்பலில் தங்கச்சிக்குத் துணையாகப் போனாரா? அதுதான் இல்லை. தன் பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் சொருகிவிட்டார். வெள்ளோட்டம் அவருக்கு மட்டும் பயன்பட்டுவிட்டது.

வருசக்கணக்கில் பூரணி காயிதம் போட்டாள். மாயாண்டி செத்துப்போனதை எழுதினாள். எல்லாக் காயிதமும் "எப்பண்ணே வர்றீங்க?" என்றே முடியும். இவரும் கை கூசாமல் "அடுத்த கப்பல்ல" என்று எழுதிப் போடுவார்.

1984-ல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. கொஞ்ச நாளில் ஒரு காயிதம் வந்தது. தபால் கந்தோர் வாசலிலேயே பிரித்தார்.

"கப்பல் நின்னுபோச்சாமேண்ணே. நீங்க வரத்தான் நெனைச்சிருப்பீங்க, கப்பலே இல்லன்னா என்ன செய்வீங்க பாவம். நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

நல்லமுத்து அன்றைக்கு ஒரு லயத்திலும் நிற்கவில்லை. நியூஸ் கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார்.